இரண்டாவது கோடு

மருந்துக் கடையில் அதைக் கேட்கும்போது பலருக்கும் குரல் தானாக இறங்கிவிடும். கடைக்காரரும் பதிலுக்குக் குரலை இறக்கிக்கொண்டு, காகித உறையில் போட்டு, அதைக் கறுப்புப் பையில் வைத்து நீட்டுவார். வீட்டுக்கு வந்து அலுமினியத் தாளைக் கிழித்தால் விரல் நீள வெள்ளை அட்டை ஒன்று, சொட்டுவிட ஒரு சின்ன பிளாஸ்டிக் குழல், ஈரம் உறிஞ்சும் மணிகள் அடைத்த குட்டிப் பொட்டலம் ஆகியவை விழும். அட்டையில் ஒரு குழி, பக்கத்தில் 'எஸ்' என்ற எழுத்து. சற்றுத் தள்ளி ஒரு சன்னல், அதன் ஓரத்தில் 'டி', 'சி'. காலை எழுந்ததும் கழிக்கும் சிறுநீரில் மூன்று சொட்டு விட்டு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு விழுந்தால் இல்லை, இரண்டு விழுந்தால் ஆம்.

இந்த அட்டை வருவதற்கு முன் செய்தி நம் வீடுகளில் எப்படித் தெரிந்தது? மாதாமாதம் மூன்று நாள் ஒரு பெண் கொல்லைப்புறத்தில் தனித்தட்டும் தனிப்பாயுமாக உட்கார்ந்த காலத்தில், அவளுடைய உடம்பின் கணக்கு தெருவுக்கே தெரிந்த கணக்கு. ஒரு மாதம் உட்காரவில்லையென்றால் அவள் யோசித்து முடிப்பதற்குள் மாமியார் எண்ணி முடித்திருப்பார். 'முழுகாமல் இருக்கிறாள்' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, மாதவிலக்கு முடிந்து தலைமுழுகுவதை வேறொருவர் கவனித்துக் கணக்கு வைத்த பேச்சுதான் அது. கல்யாணமான மூன்றாம் மாதமே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்பவர்களும் அந்தக் கணக்கில் தமக்கும் பங்கிருப்பதாக நம்புகிறவர்கள்தான்.

இந்த அத்தியாயம் ஒரு மூலக்கூற்றின் கதை. அது கொண்டுவரும் செய்தி யார் காதில் முதலில் விழுந்தது என்ற கதையும் அதற்குள் இருக்கிறது.

சினைமுட்டை வெளியேறியதும் சினைப்பையில் அது இருந்த காலி உறை மிஞ்சும். அந்த உறை மஞ்சள் நிறத் திசுவாக மாறிப் புரோஜெஸ்டிரோன் சுரக்கத் தொடங்குகிறது. 'மஞ்சள் உடலம்' என்றே அதற்குப் பெயர். கருப்பையின் உள்வரியை மெத்தைபோல் வைத்திருப்பது இந்தப் புரோஜெஸ்டிரோன். கரு எதுவும் வந்து சேராவிட்டால் மஞ்சள் உடலத்துக்கு ஆயுள் ஏறக்குறைய இரண்டு வாரம். அது வாடினால் புரோஜெஸ்டிரோன் சரியும், உள்வரி உதிரும், மாதவிலக்கு வரும்.

கரு உண்டாகிவிட்டால் இந்த உதிர்வு நின்றாக வேண்டும், இல்லையென்றால் கருவும் சேர்ந்து வெளியேறிவிடும். ஆனால் கரு அப்போது வெறும் செல் உருண்டை. அதற்கு நரம்பும் இல்லை, ரத்த ஓட்டமும் இல்லை. முட்டை வெளிவந்து பெரும்பாலும் 8 முதல் 10 நாளுக்குள் அது கருப்பைச் சுவரில் பதிகிறது. பதிந்ததும், பின்னால் நஞ்சுக்கொடியாகப் போகிற அதன் வெளிச்செல்கள் தாயின் ரத்தத்துக்குள் ஒரு ஹார்மோனை விடுகின்றன. முழுப்பெயர் ஹ்யூமன் கோரியானிக் கொனடோட்ரோபின், சுருக்கமாக எச்சிஜி. அது சினைப்பைக்குப் போய் மஞ்சள் உடலத்திடம் 'இப்போது ஓய்வு பெறாதே' என்கிறது.

மஞ்சள் உடலம் அந்தப் பேச்சைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி மாதாமாதம் எல்எச் என்ற ஹார்மோனை அனுப்பித்தான் முட்டையை வெளியேற்றுகிறது. எச்சிஜி அந்த எல்எச்சின் பங்காளி. ஒரே பூட்டில் இரண்டும் பொருந்தும். இந்த ஜாடை ஒற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் எலியும் முயலும் தவளையும் பயன்பட்டதற்கு அதுவே காரணம். பின்னால் விஞ்ஞானிகளைப் படாதபாடு படுத்தியதும் அதுவே.

ஆரம்ப வாரங்களில் எச்சிஜி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, 8 முதல் 11 வாரத்துக்குள் உச்சம் தொடும். அதற்குள் நஞ்சுக்கொடி தானே புரோஜெஸ்டிரோன் சுரக்கக் கற்றுக்கொள்வதால் பிறகு அளவு இறங்கும். மசக்கை வாந்தியும் இதே வாரங்களில் உச்சத்தில் இருப்பதால் எச்சிஜிதான் அதற்கும் காரணம் என்று நெடுநாள் நினைத்தார்கள். 2023இல் வெளியான ஆய்வு ஜிடிஎஃப்15 என்ற வேறொரு ஹார்மோனைக் கைகாட்டியிருக்கிறது. ரத்தத்தில் சுற்றும் எச்சிஜியில் ஒரு பகுதி சிறுநீரகம் வழியே கசிகிறது. அந்தக் கசிவுதான் நமக்குத் துப்பு.

துப்பு சிறுநீரில் இருக்கிறது என்ற ஊகம் பழையது. சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தியப் பாப்பிரஸ் சுருள் ஒன்று, சந்தேகமுள்ள பெண் கோதுமை மீதும் பார்லி மீதும் தினமும் சிறுநீர் கழிக்க வேண்டும் என்கிறது. எது முளைத்தாலும் கர்ப்பம். எந்தத் தானியம் முளைக்கிறது என்பதை வைத்து ஆணா பெண்ணா என்றும் சொல்லிவிடலாமாம். 1963இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கர்ப்பிணிகளின் சிறுநீரில் சுமார் 70 சதவீதம் தானியத்தை முளைக்க விட்டது, மற்றவர்களுடையது விடவில்லை. ஆணா பெண்ணா என்ற ஜோசியம் மட்டும் பலிக்கவில்லை. இன்று யூடியூபில் சர்க்கரை டெஸ்ட், உப்பு டெஸ்ட், பற்பசை டெஸ்ட் என்று வரிசையாக வருகின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் எகிப்தியர்கள் எவ்வளவோ தேவலை.

உறுதியான முதல் சோதனை பெர்லினில் பிறந்தது. சாரிட்டே மருத்துவமனையின் செல்மார் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் சோன்டெக் இருவரும் 1920களின் கடைசியில் அதை அறிவித்தார்கள். பருவமடையாத பெண் சுண்டெலிகளுக்குச் சந்தேகமுள்ள பெண்ணின் சிறுநீரை மூன்று நாள் ஊசி போட்டார்கள். பிறகு எலிகளைக் கொன்று வயிற்றைத் திறந்தார்கள். சிறுநீரில் எச்சிஜி இருந்தால், எலிக்குட்டியின் சினைப்பை அதை எல்எச் என்று நம்பி, வயதுக்கு வராமலே வீங்கி ரத்தப் புள்ளிகளோடு சிவந்திருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முறை சரியாகச் சொன்ன சோதனை அது. இருவரும் யூதர்கள். நாஜிகள் வந்ததும் சோன்டெக் ஸ்டாக்ஹோம் வழியாக ஜெருசலேமுக்கும், ஆஷ்ஹைம் பாரீசுக்கும் போக வேண்டியதாயிற்று. அந்த ஹார்மோன் பிட்யூட்டரியிலிருந்து வருகிறது என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். நஞ்சுத் திசுதான் அதைச் சுரக்கிறது என்று காட்டியவர் அமெரிக்காவின் ஜார்ஜியானா சீகர் ஜோன்ஸ்.

1931இல் பென்சில்வேனியாவில் மாரிஸ் ஃப்ரீட்மன் எலிக்குப் பதில் முயலைப் பிடித்தார். காதின் ரத்தக்குழாயில் ஊசி போட வசதி. இரண்டே நாளில் முடிவு. அமெரிக்காவில் 'முயல் செத்துவிட்டது' என்றால் கர்ப்பம் என்று பொருளாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், வயிற்றைத் திறக்காமல் முடிவு தெரியாது, அதனால் ஆமென்றாலும் இல்லையென்றாலும் முயல் செத்தே தீரும்.

சாகாத விலங்கு தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆங்கிலேய விலங்கியலாளர் லான்சிலட் ஹாக்பென், 1930 வாக்கில் அங்குள்ள குளங்களில் மண்டிக்கிடந்த சீனோபஸ் என்ற நகத் தவளையைக் கொண்டு ஹார்மோன் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நாக்கில்லாத, பின்கால் விரல்களில் கறுப்பு நகம் கொண்ட, வழுவழுவென்ற பிராணி. மாட்டுப் பிட்யூட்டரிச் சாற்றை ஊசி போட்டதும் பெண் தவளை முட்டையிடுவதைக் கவனித்தார். கேப் டவுனிலேயே ஹில்லல் ஷாப்பிரோவும் ஹாரி ஸ்வாரென்ஸ்டைனும் மாட்டுச் சாற்றுக்குப் பதில் கர்ப்பிணியின் சிறுநீரைப் போட்டுப் பார்த்தார்கள். மாலை ஊசி போட்டு, தவளையைத் தண்ணீர் ஜாடியில் விட்டு மூடிவிட்டுப் போனால், காலையில் ஜாடியின் அடியில் ஒரு மில்லிமீட்டர் அளவில் கறுப்பும் வெள்ளையுமாக நூற்றுக்கணக்கான முட்டைகள். கத்தி வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம். தவளையைச் சில வாரம் ஓய்வில் விட்டு மறுபடி பயன்படுத்தலாம். ஹாக்பென் இதில் எவ்வளவு பெருமைப்பட்டார் என்றால், கேப் டவுனில் தன் வீட்டுக்கே சீனோபஸ் என்று பெயர் வைத்துவிட்டார்.

பிறகு உலகெங்கும் தவளைகள் ஆயிரக்கணக்கில் கப்பலேறின. சோதனைக்கூடங்களில் எளிதாகக் கிடைத்ததால் ஆராய்ச்சியாளர்களுக்கும் அதுவே செல்லப் பிராணி. ஜான் கர்டன் குளோனிங் செய்ததும், அதற்காகப் பின்னால் நோபல் வாங்கியதும் இந்தத் தவளையால்தான். தப்பிப்போனவை வேல்ஸிலும் சிலியிலும் குடியேறின. தவளை இனங்களைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையை உலகுக்குப் பரப்பியது இந்த ஏற்றுமதிதான் என்று 2004இல் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. 2018இல் வந்த மரபணு ஆய்வு பூஞ்சையின் பூர்வீகத்தைக் கொரியத் தீபகற்பத்தில் காட்டியதால், சீனோபஸ் அந்த வழக்கில் முதல் குற்றவாளி இடத்திலிருந்து தப்பித்தது.

எலி, முயல், தவளை எதுவானாலும் சிறுநீர்ப் புட்டி ஆய்வகத்துக்குப் போகும், முடிவு மருத்துவருக்கு வரும். மருத்துவர் சொன்னால்தான் பெண்ணுக்குத் தெரியும். மாமியாரிடமிருந்து கணக்கு மருத்துவர் கைக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான்.

1960இல் ஸ்வீடனில் லைஃப் வீடேவும் கார்ல் கெம்செல்லும் விலங்கையே வேண்டாமென்று தள்ளினார்கள். எச்சிஜியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தைச் சோதனைக் குழாய்க்குள் விட்டு, எச்சிஜி பூசிய ரத்தச் செல்களைச் சேர்த்தார்கள். கூடவே பெண்ணின் சிறுநீர். அதில் எச்சிஜி இருந்தால் எதிர்ப்புரதம் முழுக்க அதற்கே செலவாகிவிடும்; ஒட்டிக்கொள்ள வழியில்லாத ரத்தச் செல்கள் உருண்டு குழாயின் அடியில் பழுப்பு வளையமாகப் படியும். இரண்டு மணி நேர வேலை.

இந்த வளையத்தைத்தான் 1967இல் மார்கரெட் கிரேன் பார்த்தார். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஆர்கனான் என்ற மருந்து நிறுவனத்தில் அழகுசாதனப் பொருள்களின் உறைகளை வடிவமைக்க வேலைக்கு வந்த 26 வயதுப் பெண். ஆய்வகத்தில் வரிசையாகத் தொங்கிய குழாய்களுக்குக் கீழே கண்ணாடி ஒன்று பளபளத்தது. விசாரித்தபோது, கர்ப்பச் சோதனை, அடியில் வளையம் விழுந்தால் கண்ணாடியில் தெரியும், முடிவை மருத்துவர்களுக்கு அனுப்புவோம் என்றார்கள். இதைப் பார்க்க எதற்கு ஆய்வகம்? வீட்டுக்குப் போய் யோசித்தார். மேசைமேல் காகிதக் கவ்விகள் போட்டுவைக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு சோதனைக் குழாய், கீழே சின்னக் கண்ணாடி, ஒரு சொட்டுக்குழல். முடிந்தது.

நிறுவனம் முகம் சுளித்தது. அதன் வாடிக்கையாளர்கள் மருத்துவர்கள். அவர்கள் பிழைப்பில் கை வைப்பதா? போதாததற்கு, பெண் தனியாக இந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டு ஏதாவது செய்துகொண்டால்? இந்தப் பயத்தைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மாத்திரைக்கும் அறுவைக்கும் கணவரின் சம்மதம் கேட்கும் வரவேற்பறைகளை நானே பார்த்திருக்கிறேன்.

எதிர்ப்புக்குப் பிறகு திட்டம் நகர்ந்தபோது, தொழில்முறை வடிவமைப்பாளர்களை வரவழைத்தார்கள். அவர்கள் கொண்டுவந்த மாதிரிகளில் பூ வேலைப்பாடும் குஞ்சலமும் வைரம் போன்ற அலங்காரமும் இருந்தன. கிரேன் யாரும் அழைக்காமலே தன் பெட்டியையும் அந்த வரிசையின் ஓரத்தில் வைத்தார். விளம்பர நிறுவனத்திலிருந்து வந்த ஐரா ஸ்டர்டிவன்ட் நேராக அதைக் கையில் எடுத்தார். பின்னால் அவர்கள் இருவரும் வாழ்நாள் துணையானார்கள் என்பது உபகதை. காப்புரிமை கிரேன் பெயரில் பதிவானது, உரிமையை ஒரு டாலருக்கு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு டாலர் அவர் கைக்கு வரவே இல்லை. 'ப்ரிடிக்டர்' என்ற பெயரில் அது 1971இல் கனடாவில் விற்பனைக்கு வந்தது. கிரேன் செய்த முதல் மாதிரி 2015இல் ஏலத்துக்கு வந்தபோது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 11,875 டாலர் கொடுத்து வாங்கியது.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் பழைய தலைவலி அப்படியே இருந்தது: எல்எச். பங்காளிகள் இருவரையும் எதிர்ப்புரதம் சரியாகப் பிரித்தறியவில்லை. இரண்டு ஹார்மோன்களுமே ஆல்ஃபா, பீட்டா என இரண்டு துண்டுகளால் ஆனவை. ஆல்ஃபா இரண்டிலும் ஒன்றுதான். எச்சிஜியின் பீட்டாத் துண்டிலோ எல்எச்சுக்கு இல்லாத நீண்ட வால் ஒன்று உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜூடித் வைட்டுகைடிஸ் தன் சகாக்களோடு 1972இல் அந்தப் பீட்டாவை மட்டும் இனங்காணும் சோதனையை வெளியிட்டார். அவர்கள் தேடியது கர்ப்பத்தை அல்ல. நஞ்சுத் திசுவிலிருந்து எழும் ஒருவகைப் புற்றுநோயும் எச்சிஜியைக் கொட்டும். நம் ஊரில் முத்துப்பிள்ளை என்று சொல்லும் பழுதான கர்ப்பத்துக்குப் பிறகு அது வரலாம். சிகிச்சையில் புற்று முழுக்கப் போய்விட்டதா என்று பார்க்கத்தான் அவ்வளவு நுட்பம் தேவைப்பட்டது. இன்று ஆய்வகச் சீட்டில் 'பீட்டா எச்சிஜி' என்று எழுதித் தருகிறார்களே, அது அங்கிருந்து வந்தது.

இனி அட்டைக்குள் போவோம். பிளாஸ்டிக் மூடியை நெம்பித் திறந்தால் உள்ளே ஒரு காகிதப் பட்டை, அவ்வளவுதான். மோட்டார் இல்லை, மின்கலம் இல்லை. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் சிறுநீர் பட்டையில் தானாக ஊர்ந்து போகிறது. குழியைத் தாண்டியதும் முதலில் ஒரு பொடித்திட்டு. அதில் காய்ந்து காத்திருப்பவை தங்கத் துகள்கள். ஆமாம், நகைக்கடைத் தங்கம்தான். ஆனால் ஒவ்வொன்றும் 40 நானோமீட்டர் அளவு. தலைமுடியின் குறுக்கே இரண்டாயிரத்தை வரிசையாக அடுக்கலாம். அந்த அளவுக்குப் பொடித்த தங்கம் மஞ்சளாக மின்னாது. அதிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒன்றுசேர்ந்து ஆடிப் பச்சை ஒளியை விழுங்கிவிடுவதால் மாதுளைச் சாறுபோல் சிவப்பாகத் தெரியும்.

ஒவ்வொரு தங்கத் துகள் மேலும் எச்சிஜியைப் பிடிக்கும் எதிர்ப்புரதம் ஒட்டியிருக்கும். சிறுநீர் வந்ததும் துகள்கள் கரைந்து அதோடு கிளம்புகின்றன. எச்சிஜி இருந்தால் பிடித்துக்கொள்கின்றன. 'டி' என்ற இடத்தில் பட்டையோடு அசையாமல் ஒட்டவைத்த இன்னொரு எதிர்ப்புரதம் நிற்கிறது. அது எச்சிஜியின் வேறொரு பக்கத்தைப் பிடிக்கும். இரண்டு பேர் இரு கையையும் பிடித்துக்கொண்டதுபோல் எச்சிஜி நடுவில் மாட்ட, கூடவே தங்கமும் மாட்டும். ஆயிரமாயிரமாய் மாட்டியதும் கண்ணுக்குத் தெரிவதுதான் அந்த இளஞ்சிவப்புக் கோடு. எச்சிஜி இல்லையென்றால் தங்கம் நிற்காமல் ஓடிவிடும். ஓடுவதைச் 'சி'யில் உள்ள மூன்றாவது புரதம் பிடிக்கும். அது எச்சிஜியைப் பார்ப்பதில்லை, முதல் எதிர்ப்புரதத்தையே பிடிப்பது. அங்கே கோடு விழாவிட்டால் அட்டை பழுது, முடிவை நம்பக்கூடாது. அந்தக் குட்டிப் பொட்டலம் எதற்கென்றால், காற்றின் ஈரம் பட்டு இந்தப் புரதங்கள் கெடாமலிருக்க.

பல அட்டைகளுக்கு ஒரு மில்லிலிட்டரில் 25 மில்லி அலகு எச்சிஜி போதும். எடையில் அது இரண்டு மூன்று நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு கச்சிதமாக ஒரே இடத்தைப் பிடிக்கும் எதிர்ப்புரதம் 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்த முறையால் சாத்தியமாயிற்று. எலியின் நோயெதிர்ப்புச் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்துவிட்டால் அது சாகாமல் ஒரே எதிர்ப்புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். பெர்லினில் சோதனைக்குச் சில எலிகள் செத்தன. அந்த எலி இப்படித் திரும்பி வந்து இன்னும் சாகாமல் உழைக்கிறது.

இதே மூலக்கூற்றைக் கருத்தடைக்கும் பயன்படுத்தப் பார்த்தவர் டெல்லியின் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் இருந்த ஜி.பி. தல்வார். எச்சிஜி செய்தி கொண்டுபோகிறது என்றால், தூதனை வழியிலேயே மடக்கினால்? பீட்டாத் துண்டை வைத்து அவர் உருவாக்கிய தடுப்பூசி, பெண்ணின் உடம்பையே எச்சிஜிக்கு எதிர்ப்புரதம் சுரக்க வைத்தது. செய்தி போய்ச் சேராததால் மஞ்சள் உடலம் வழக்கம்போல் வாடும், மாதவிலக்கு வரும். 1994இல் வெளியான ஆய்வில் 148 பெண்கள். எதிர்ப்புரதம் போதிய அளவு இருந்த 1,224 மாதச் சுழற்சிகளில் ஒரே ஒரு கர்ப்பம். வியக்கவைக்கும் எண். ஆனால் ஐந்தில் ஒரு பெண்ணுக்கு அந்தப் போதிய அளவு வரவே இல்லை. வந்தவர்களுக்கும் ஊக்க ஊசி இல்லாவிட்டால் சில மாதங்களில் இறங்கிவிடும். தனக்கு இன்று பாதுகாப்பு இருக்கிறதா இல்லையா என்பதை ரத்தம் எடுத்துப் பார்க்காமல் அவளால் அறிய முடியாது. பெண்கள் அமைப்புகள் அப்போது எதிர்த்தன. எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

அட்டையும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கரு கருப்பையில்தான் இருக்கிறதா, கருக்குழாயில் சிக்கியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இரண்டிலும் கோடு விழும். இரண்டு கோடு விழுந்தபின் ஒருபக்க அடிவயிற்று வலியோ, உதிரப்போக்கோ, மயக்கமோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழாய் வெடித்தால் உள்ளே ரத்தம் கொட்டி உயிர் போகும். பத்து நிமிடத்துக்குப் பிறகு அட்டை காய்ந்து தோன்றும் சாம்பல் நிறக் கீற்றைக் கோடென்று எண்ணவும் கூடாது.

சீக்கிரம் தெரிவதால் நன்மைதானா? குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழல், கரு உண்டாகி 28ஆம் நாள் வாக்கில் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் யோசித்துக்கொண்டிருந்தால் அது முடிந்துபோயிருக்கும். அதனால்தான் ஃபோலிக் அமில மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். மறுபக்கம், 1988இல் அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர், குழந்தைக்கு முயன்ற 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் சேகரித்துப் பார்த்து வெளியிட்ட முடிவு இருக்கிறது. எச்சிஜி காட்டிக்கொடுத்த 198 கர்ப்பங்களில் 22 சதவீதம், யாரும் அறியுமுன்பே முடிந்துபோயிருந்தன. நம் பாட்டிமார்களுக்கு அது ஐந்து நாள் தள்ளிவந்த மாதவிலக்கு. நாள் தள்ளும் முன்பே அட்டையைப் பார்த்துவிடும் பெண்ணுக்கு அது ஒரு இழப்பு.

அரசு இந்த அட்டையை 'நிஷ்சய்' என்ற பெயரில் இலவசமாகத் தருகிறது. இரண்டாவது கோட்டைப் பார்த்த பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், செவிலியர் பதிவேட்டைத் திறந்து கேட்கும் கேள்வி தங்கத்தைப் பற்றியதோ எதிர்ப்புரதத்தைப் பற்றியதோ அல்ல. "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சே?" எத்தனை வாரம் என்பதை அட்டை சொல்லாது. கணக்கு அவளுடைய கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது, அதாவது அவள் கர்ப்பமாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பிருந்து. பிரசவ நாளை அதை வைத்தே குறிப்பார்கள். வேண்டாமென்று முடிவெடுத்தால் மாத்திரைக்கு 9 வாரம், சட்டப்படி ஒரு மருத்துவரின் கருத்தோடு 20 வாரம், சில நிலைகளில் இரண்டு மருத்துவர்களோடு 24 வாரம் என்ற வரம்புகளுக்கும் அந்த நாள்தான் ஆதாரம். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் கையெழுத்து போதும், கணவர் கையெழுத்து சட்டத்தில் இல்லை.

அவள் சுவரிலுள்ள நாள்காட்டியைப் பார்க்கிறாள். விரல் மடக்குகிறாள். "தேதி தெரியலக்கா. எதிர்வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு எல்லாரும் போனாங்க, நான் மட்டும் போகாம வீட்ல இருந்தேன். அன்னிக்குத்தான் முதல் நாள்."

"அது எப்ப?"

"வளர்பிறை முகூர்த்தம். வெள்ளிக்கிழமை."

செவிலியர் நாள்காட்டியைப் பின்னால் புரட்டுகிறார்.